நைனா எடுத்த சிவப்புப் புடவை

அந்தப் புடவை பச்சை. அதில் எனக்கு என்றைக்கும் சந்தேகம் இருந்ததில்லை. ஏரிக்கரைப் பாசி வெயிலில் காய்ந்தால் ஒரு நிறம் வருமே, அந்தப் பச்சை. ஆரணிப் பட்டு, கரையில் மெல்லிசாகச் சரிகை. என் கல்யாணத்தின்போது என் நைனா என் வீட்டுக்காரரின் அக்காவுக்கு எடுத்துக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் தாலி கட்டும்போது மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட்டதும் மற்ற முடிச்சுகளை நாத்தனார் போடுவார். அதற்காகப் பெண் வீட்டார் நாத்தனாருக்கு ஒரு புடவை எடுக்க வேண்டும். என் நாத்தனார் கேட்டது மிளகாய்ப்பழச் சிவப்பு. நைனா கொண்டுவந்தது இந்தப் பச்சை.

நான் மூன்றாவது வரைக்கும்தான் பள்ளிக்கூடம் போனேன். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். எனக்கு அவசரமில்லை. ஆனால் இதை நான்தான் எழுத வேண்டும். வேறு யார் எழுதினாலும் என் நைனாவைச் சரியாக எழுத மாட்டார்கள்.

பிறந்தது பனமலை, வாழ்க்கைப்பட்டது செஞ்சி. அம்மா நான் தவழ்கிற வயதிலேயே போய்விட்டாள். நைனா இன்னொரு கல்யாணம் செய்துகொள்ளாமல் என்னை வளர்த்தார். ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல், கிணற்று மேட்டில் மிளகாயும் கத்திரியும். மிளகாய் பறிக்கிற நாளில் மற்றவர்கள் பழத்தைப் பார்த்துப் பறிப்பார்கள். நைனா ஒவ்வொன்றையும் விரலால் அமுக்கிப் பார்த்துப் பறிப்பார். காய் கெட்டியாக இருக்கும், பழம் கொஞ்சம் கொடுக்கும். நிரையில் அவர்தான் கடைசி. "கைலயே கண்ணு வச்சிருக்கான்யா" என்று பக்கத்து நிலத்துக்காரர்கள் சொல்வார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும். கொஞ்சம் வளர்ந்ததும் என்னை முன்னால் விட்டு, "நீ பழமா பாத்துப் பறிம்மா, நான் கூடைய தூக்கிக்கினு வர்றேன்" என்பார். மகள் மேல் அவ்வளவு பிரியம் என்று ஊர் பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஆரணிக்கு அவர் தனியாகத்தான் போனார். கூடப் போகப் பொம்பளை யாரும் வீட்டில் இல்லை. கடைக்காரனைக் கேட்காமல் தானே தொட்டுப் பார்த்துத்தான் துணி எடுப்பார். திரும்பி வந்தபோது கடைத் தாளில் சுற்றிச் சணலால் கட்டிய பொட்டலங்கள். பிரித்துக் காட்டுங்கள் என்று கேட்டேன். "இப்ப பிரிச்சா மடிப்பு கலஞ்சிடும்மா, தட்டுல வச்சிப் பிரிக்கட்டும்" என்றார்.

தட்டில் வைத்துத்தான் பிரித்தார்கள். கல்யாணப் பந்தலில், மஞ்சளும் வெற்றிலையும் பக்கத்தில் இருக்க, என் நாத்தனார் சணலை அவிழ்த்தார். நான் குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்தேன். சத்தம் நின்றதும்தான் நிமிர்ந்தேன்.

"இன்னா மாமா இது?" என்று அவர் என் நைனாவைக் கேட்டார்.

"பொடவைம்மா."

"பொடவைன்னு தெரியுது. நான் இன்னா கலர் கேட்டேன்?"

"செவப்பு கேட்ட. செவப்புதானே எடுத்தாந்திருக்கேன்."

யாரோ சிரித்தார்கள். பந்தக்கால் பக்கத்தில் நின்ற ஒரு ஆள், "மாமா காலையிலயே ஊத்திக்கினு வந்துட்டாருடா" என்றான். நாத்தனாருக்கு முகம் சுண்டிவிட்டது. அவர் லேசில் விடுகிற ஆளில்லை.

"பச்சை கட்டறதுக்கு நான் இன்னா பச்சையம்மனா?" என்றார்.

அவர்கள் வீட்டுக் குலதெய்வமே பச்சையம்மன்தான். பந்தல் முழுக்கச் சிரித்தது. நைனா மட்டும் சிரிக்கவில்லை. புடவையின் ஒரு முனையைப் பிடித்து, பந்தலுக்கு வெளியே வெயிலில் நீட்டிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "செவப்புதாம்மா" என்று இன்னொரு முறை சொன்னார், குரல் இறங்கி.

அவர் குடித்து நான் பார்த்ததில்லை. கள்ளைக்கூட வாயில் வைக்காத மனிதர். அன்றைக்குப் பந்தியில் உட்கார்ந்து பேருக்குச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியவர், அதன்பின் என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. செஞ்சிச் சந்தைக்கு வந்தால் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துகொண்டு ஆள் விட்டு அனுப்புவார். நான் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடுவேன். வேர்க்கடலையோ கத்திரிக்காயோ ஒரு பையில் இருக்கும். வீட்டுக்கு வாங்க நைனா என்று கூப்பிடுவேன். "குடிகாரன்னு பேரு வச்ச தெருவுல நான் எதுக்கும்மா நடக்கணும்" என்று ஒரே ஒருமுறை சொன்னார். அப்படியே காலமானார்.

எனக்கு அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று தெரியும். புடவை பச்சை என்றும் தெரியும். இரண்டும் எப்படி ஒன்றாக நிஜமாக இருக்கும்? இந்தக் கேள்வியை வயிற்றில் வைத்துக்கொண்டே நான் பெண்ணாக இருந்து கிழவி ஆனேன்.

நாத்தனார் தன் கணவர் இறந்தபின் பிறந்த ஊரான செஞ்சிக்கே வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். எனக்கு ஜுரம் என்றால் முதலில் கஞ்சி கொண்டுவருவது அவர்தான். என் வீட்டுக்காரர் போனபோது என்னைத் தாங்கிப் பிடித்ததும் அவர்தான். ஆனால் ஏதாவது பேச்சில் நான் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லிவிட்டால் போதும். "பச்சையக் காட்டி செவப்புன்னு சாதிக்கிற வம்சமாச்சே, நீ பேசமாட்டியா?" என்பார். புடவையை அவர் கட்டவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. பெட்டியில் வைத்திருந்தார், சாட்சியை வைத்திருப்பதுபோல.

எனக்கு மூன்று பெண்கள். நாலாவது ஒரு பையன். எலக்ட்ரிகல் டிப்ளமோ படித்தான். செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை. வரும் வரும் என்று நான் வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து சொல்கிறார்கள். தண்டவாளம் போட நிலம் அளந்ததையும் மண் கொட்டியதையும் பார்த்தே வளர்ந்தவன் அவன். நம் ஊர் வழியாக வருகிற முதல் ரயிலை நான்தான் ஓட்டுவேன் என்று சின்ன வயதிலேயே சொல்வான். ரயில் ஓட்டுகிற வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸும் ஆகிவிட்டான். மெடிக்கல் டெஸ்டுக்குச் சென்னைக்குக் கூப்பிட்டார்கள்.

போனவன் மறுநாள் திரும்பி வந்து பையை வைத்துவிட்டு உட்கார்ந்தான்.

"இன்னாடா ஆச்சு?"

"ஃபெயில் பண்ணிட்டாங்கம்மா. ஒரு புஸ்தகம் காட்டறாங்க. பக்கம் பூரா புள்ளி புள்ளியா இருக்குது. அதுல இன்னா நம்பர் தெரியுதுன்னு கேக்கறாங்க."

"சொல்றதுக்கு இன்னா?"

"நம்பரே இல்லம்மா. சும்மா புள்ளிதான். எனக்கு முன்னாடி போனவன் கடகடன்னு சொல்றான்."

சிக்னல் பார்க்கிற வேலைக்கு நிறம் தெரியாதவன் ஆகாது என்று அனுப்பிவிட்டார்கள். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனார் எழுந்து வந்தார்.

"இவனுக்கா கண்ணு தெரியல? கோட்டை மேல மேயற ஆடு யாருதுன்னு இங்கயிருந்தே சொல்றவன். மொத நாள் சென்னையில கூட்டாளிங்களோட ஊத்திக்கினு போயிருப்பான். தாத்தன் புத்தி எங்க போவும்?"

"அத்தை, நான் குடிக்கலை."

"உங்க தாத்தனும் அப்படித்தான்டா சொன்னாரு."

இத்தனை வருஷம் நைனாவைச் சொன்னபோது நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அதே வார்த்தை என் பிள்ளை தலையிலும் விழுந்ததும் பொறுக்க முடியவில்லை. "அண்ணி, அந்தப் பேச்சை இத்தோட வுட்டுடுங்க. இவன் சொல்றது நெசம்னா அதை நான் காட்டறேன்" என்றேன். எப்படிக் காட்டுவேன் என்று எனக்கே தெரியாது.

அவரை மோசமானவர் என்று நினைக்க வேண்டாம். அடுத்த வெள்ளிக்கிழமையே பச்சையம்மன் கோயிலில் பொங்கல் வைக்க ஏற்பாடு செய்தவர் அவர்தான். "எங்க வம்சத்துப் புள்ளைக்கு ஒரு குறைன்னா எங்க சாமிதான் பதில் சொல்லணும்" என்றார். எங்களுக்கெல்லாம் அதுதான் வழக்கம். பிள்ளை தகப்பன் வழி. அவனுக்கு வருகிற நல்லது கெட்டது தகப்பன் வீட்டுத் தெய்வத்தின் கணக்கு. பெற்றவளின் பிறந்த வீட்டுக்கு அதில் வேலை கிடையாது. நானும் தலையில் பொங்கல் பானையைச் சுமந்துகொண்டுதான் போனேன்.

அங்கே போனதும் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். தாளைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இந்தப் பச்சைய அவளுக்கே சாத்திடலாம். தோஷம் போவட்டும்" என்றார்.

"வேணாம்."

"ஏன்டி?"

"எங்க நைனா அதை சாமிக்கு எடுக்கல. உங்களுக்கு எடுத்தாரு. கட்டினா நீங்க கட்டுங்க, இல்லன்னா பெட்டியிலயே கெடக்கட்டும்."

"இந்த வயசுலயும் திமிரப் பாரு" என்று பூசாரியிடம் சொன்னார். திமிர்தான். எனக்கு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. பொட்டலம் பைக்குள் திரும்பிப் போனது.

பையன் சும்மா இருக்கவில்லை. புதுச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்க் கண் டாக்டரிடம் காட்டினான். பார்வையில் ஒரு கோளாறும் இல்லை, சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரிவதில்லை, பிறவியிலேயே வந்தது, மருந்து கிடையாது என்று அவர் சொன்னாராம். அக்காக்களுக்குப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் பார்க்க வேண்டும், அம்மாவை அழைத்துக்கொண்டு மரபணுப் பிரிவில் ஒருமுறை பேசுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார்.

நான் கிளம்பினேன். நாத்தனாரும் புளிச்சோறு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். "நீங்க வந்து ஆளுக்கொரு கதை சொல்வீங்க. நான் டாக்டரு வாயால கேட்டாத்தான் நம்புவேன்" என்றார். திண்டிவனத்தில் பஸ் மாறிப் போனோம்.

அந்தப் பிரிவு ஒரு நீளமான நடை. இரண்டு பக்கமும் அறைகள். எங்கள் முறை வர நேரமானது. நான் ஒரு இடத்தில் உட்காருகிறவள் இல்லை, ஒவ்வொரு கதவாகப் போய்ப் பலகையைக் காட்டினேன், பையன் படித்து அர்த்தம் சொன்னான். பெற்றவர்களிடமிருந்து பிள்ளைக்கு என்ன வருகிறது, எப்படி வருகிறது என்று பார்க்கிற படிப்புக்கு மரபியல் என்று பேராம். அதிலேயே பல கிளைகள். ஒரு அறையில் பூதக்கண்ணாடி வைத்து உடம்புக்குள் இருக்கும் நூல்களைப் பார்க்கிறார்கள். குரோமோசோம் என்று அதற்குப் பெயர். சுவரில் அதன் படம் மாட்டியிருந்தது. கோயில் வாசலில் செருப்பு கழற்றிவிட்டதுபோல ஜோடி ஜோடியாக இருந்தன. இன்னொரு அறையில் மிஷின்தான், ஆட்களே குறைவு. அந்த நூலில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படிக்கிற மிஷினாம். மொத்தமே நாலு எழுத்துதானாம். நாலே எழுத்தில் ஒரு ஆளை எழுதிவிட முடியும் என்றால் நான் படித்த மூன்றாவதே அதிகம் என்று பையனிடம் சொன்னேன்.

மூன்றாவது அறைக்காரர்கள் பாதி நாள் அங்கே இருப்பதில்லையாம். ஊர் ஊராகப் போய் ஒரு குறை எந்த ஜனத்துக்குள் அதிகம், எங்கே குறைவு, ஏன் அப்படி என்று கணக்கெடுப்பவர்கள். விதை நெல்லையும் கறவை மாட்டையும் நல்லதோடு நல்லதாகச் சேர்த்துப் புது ரகம் கொண்டுவருகிறவர்களும் இந்தப் படிப்புக்காரர்கள்தான். அவர்களுக்கு இடம் வேளாண்மைக் கல்லூரியில். கடைசி அறைதான் எங்களுடையது, குடும்பத்தைக் கேட்டுப் படம் போட்டு, நோய்க்கும் வீட்டுக்கும் உள்ள தொடர்பைச் சொல்கிற அறை.

டாக்டர் சின்னப் பெண். என் மூன்றாவது மகள் வயது இருக்கும். பையனின் கண் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "வீட்டுல வேற ஆம்பளைங்க யாருக்காவது கலர் தெரியாம இருந்திருக்குதா?" என்று கேட்டாள்.

நாத்தனார் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "எங்க வம்சத்துல யாருக்கும் கண்ணுல ஒரு குறை கெடையாதும்மா. எங்க தாத்தா சாவற வயசுல ஊசியில நூலு கோப்பாரு. எங்க அப்பா இருட்டுல பாம்ப பாத்து..."

"நீங்க யாரு பாட்டி?"

"பையனுக்கு அத்தை. அவங்க அப்பனோட அக்கா."

"அப்ப உங்க பக்கம் வேணாம் பாட்டி. இந்தக் குறை உங்க பக்கத்துலயிருந்து வந்திருக்காது."

"அதெப்படி? என் தம்பி புள்ளதானே இவன்?"

டாக்டர் ஒரு தாளை எடுத்துக்கொண்டாள். எனக்கு அவள் சொன்ன விதம் பிடித்திருந்தது. குழந்தைக்குச் சொல்வதுபோல இழுக்கவுமில்லை, அவசரப்படவுமில்லை. எல்லார் உடம்பிலும் அந்த நூல்கள் ஜோடியாக இருக்கின்றன. ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. நூலில் அங்கங்கே ஒரு சேதி இருக்கும். மூக்கு எப்படி, முடி எப்படி, ரத்தம் என்ன வகை. ஒரு சேதிக்கு ஒரு மரபணு. கடைசி ஜோடிதான் ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. பெண்ணுக்கு இரண்டும் பெரிய நூல். ஆணுக்கு ஒன்று பெரிசு, ஒன்று குட்டை.

"ஆம்பளப் புள்ளைக்கு அப்பா குடுக்கறது குட்டை நூல். அம்மா குடுக்கறது பெரிய நூல். சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்கற சேதி பெரிய நூல்லதான் இருக்குது. அதனால இவருக்கு இது அம்மாகிட்டயிருந்துதான் வந்திருக்கணும்."

நாத்தனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"எனக்குப் பச்சை பச்சையாத்தான் தெரியுது டாக்டரு. செவப்பு செவப்பாத்தான் தெரியுது" என்றேன்.

"தெரியும்மா. உங்ககிட்ட பெரிய நூல் ரெண்டு இருக்குது. ஒண்ணுல சேதி தப்பா இருந்தாலும் இன்னொண்ணு சரியா இருந்தா பார்வை நல்லாத்தான் இருக்கும். ஆம்பளைக்கு ஒண்ணே ஒண்ணு. அதுல தப்பு வந்தா மாத்து இல்ல."

"ஸ்டெப்னி இல்லாத வண்டி" என்றான் பையன்.

"அதேதான்" என்று சிரித்தாள்.

எனக்கு அது புரிந்தது. ஆடு வளர்க்கிறவளுக்கு இது புரியாதா? ஒரு குட்டி பிறக்கும். காதோரம் வெள்ளை இருக்கும். தாய்க்கும் இருக்காது, கிடாவுக்கும் இருக்காது. யோசித்துப் பார்த்தால் தாயைப் போட்ட ஆட்டுக்கு இருந்திருக்கும். நடுவில் ஒன்று வெளியே காட்டாமல் சுமந்துகொண்டு வந்திருக்கிறது. இதை டாக்டரிடம் சொன்னேன். வெளிநாட்டில் ஒரு சாமியார் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடி வைத்து இதையேதான் கண்டுபிடித்தார், அதிலிருந்துதான் இத்தனை அறையும் வந்தது என்றாள். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தால் எல்லாம் நெட்டையாக வருமாம். அந்த நெட்டைகளின் விதையைப் போட்டால் ஒளிந்திருந்த குட்டை மறுபடி தலை காட்டுமாம்.

"அப்ப வம்சம்னு சொல்றது?" என்றார் நாத்தனார். அவருக்கு ஆட்டிலும் பட்டாணியிலும் மனம் போகவில்லை.

"வம்சம் ரெண்டு பக்கமும்தான் பாட்டி. ஒரு பக்கம் மட்டும் யாரும் வர்றதில்ல."

"நாங்க பச்சையம்மனுக்கு இல்ல பொங்கல் வச்சோம்."

"அதனால தப்பு ஒண்ணும் இல்ல" என்றாள் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பினாள். "உங்க அப்பாவுக்கு எப்படிம்மா? கலர்ல ஏதாவது குழப்பம் இருந்துச்சா?"

என் நைனாவுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவரைப் பற்றி வெளியார் முன்னால் ஒரு சொல் இறங்கிச் சொல்ல எனக்கு மனம் வராது. அதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டார்.

"இருந்துச்சும்மா. நல்லா கேளு. இவ கல்யாணத்துல எனக்கு செவப்புப் பொடவ எடுக்கறேன்னுட்டுப் பச்சைய எடுத்தாந்தாரு. எடுத்தாந்ததும் இல்லாம, செவப்புதான் செவப்புதான்னு நூறு பேரு முன்னால சாதிக்கறாரு. நான் இன்னா குருடியா? இன்னும் வச்சிருக்கேன், வேணும்னா கொண்டாந்து காட்டறேன்."

புகார் கொடுக்கிற குரலில்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் கொஞ்சம் தேய்ந்தது. தான் சொன்னது தன் காதிலேயே விழுந்திருக்க வேண்டும்.

டாக்டர் பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "வேற எதுலயாவது கவனிச்சிருக்கீங்களா?"

"மொளகா பறிக்கும்போது," என்றேன். "பழத்த பாத்துப் பறிக்கமாட்டாரு. அமுக்கிப் பாத்துப் பறிப்பாரு."

கிணற்று மேட்டு வெயிலில் கூடையைத் தூக்கிக்கொண்டு எனக்குப் பின்னால் வந்தவர் கண் முன்னால் நின்றார். பச்சை இலைக்கு நடுவே சிவப்பாகத் தொங்குகிற பழம் அவருக்கு இலையோடு இலையாகத் தெரிந்திருக்கிறது. அதை யாரிடமும் சொல்லாமல் விரலுக்குப் பழக்கிக்கொண்டிருக்கிறார். தனக்குத் தெரிகிற மாதிரிதான் எல்லாருக்கும் தெரியும் என்றுகூட நினைத்திருக்கலாம்.

டாக்டர் தாளில் படம் போட்டாள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். மேலே ஒரு சதுரம் போட்டு அதை மையால் நிரப்பினாள். அது என் நைனா. கீழே ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அது நான். அதற்குக் கீழே மறுபடி ஒரு கறுத்த சதுரம், என் பையன். எனக்குப் பக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு ஒரு வெறும் சதுரம்.

"இந்தப் பொட்டு இன்னாது?" என்று கேட்டேன்.

"வெளிய தெரியாம எடுத்துக்கினு வந்தவங்கன்னு அர்த்தம். அப்பாவுக்கு இருந்தா மகளுக்கு அந்த நூல் வந்தே தீரும். மகள்கிட்டயிருந்து மகனுக்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. உங்க பொண்ணுங்களும் இப்படி எடுத்துக்கினு வந்திருக்கலாம். அவங்க பசங்களுக்கு டெஸ்ட் பண்ணிடுங்க."

"எங்க நைனா..." என்று ஆரம்பித்தேன்.

"இறந்தவருக்கு டெஸ்ட் பண்ண முடியாதும்மா. ஆனா உங்க மகன் இருக்கார், மொளகா இருக்குது, பொடவை இருக்குது. இதுக்கு மேல எனக்குச் சந்தேகம் இல்ல. அவர் பொய் சொல்லல. அவர் கண்ணுக்கு அது செவப்புதான்."

திரும்பி வருகிற பஸ்ஸில் நாத்தனார் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். திண்டிவனத்தில் இறங்கிச் செஞ்சி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தபின், முன் சீட்டுக் கம்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப, குடிக்கல?"

"குடிக்கல."

"ஒருநாளும்?"

"ஒருநாளும் இல்ல அண்ணி."

புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். இருவரும் சாப்பிட்டோம்.

மறுநாள் காலையில் அந்தப் பெட்டிப் பொட்டலத்தோடு வந்தார். பையன் மோட்டார் சுவிட்சைக் கழற்றி வைத்து என்னவோ செய்துகொண்டிருந்தான். கூடப் படித்த பையனிடம் ஒயர் நிறத்தைக் கேட்டுக் கேட்டு, அதைக் குறை என்று நினைக்காமலே வேலை கற்றுக்கொண்டவன் என்று அவன் சொல்லி அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாத்தனார் புடவையை அவன் முன்னால் விரித்தார். மடிப்பில் மடிப்பில் பட்டு வெடித்திருந்தது. வெடிக்காத இடம் புதுசாக மின்னியது.

"மருமவனே, இது இன்னா கலரு?"

அவன் பார்த்தான். குனிந்து கிட்டத்தில் பார்த்தான். எழுந்து வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நீட்டிப் பிடித்துப் பார்த்தான். பந்தலில் என் நைனா நின்ற அதே நிலை.

"நான் பொறந்ததுலயிருந்து நீங்க பச்சை பச்சைன்னு திட்டறதக் கேட்டு வளந்திருக்கேன் அத்தை. அதனால பச்சைன்னு தெரியும். ஆனா பொடவைய இப்பதான் பாக்கறேன்." புடவையைத் திருப்பிப் பார்த்தான். "இதுவா பச்சை? கடையில நானே பாத்து எடுத்திருந்தா அரக்குச் செவப்புன்னு எடுத்தாந்திருப்பேன்."

நாத்தனார் புடவையை வாங்கி மடித்தார். அவசரமில்லாமல், ஓரத்தோடு ஓரம் சேர்த்து. "நல்ல பட்டுதான். வெலையில கொறைக்கல மனுசன்" என்றார். மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. என் வாயிலும் லேசில் வராது.

பேரன்களுக்கெல்லாம் பார்த்தோம். மூன்றாவது மகளின் பையனுக்கு இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் மரத்துக்குச் செம்மண் நிறத்தில் இலை போட்டான் என்று அவனுக்கு அடி விழுந்துகொண்டிருந்தது. டீச்சரிடம் சொன்னபிறகு விழுவதில்லை. என் மகனுக்கு ரயில் ஓட்டுகிற வேலை கிடையாது என்பது கிடையாதுதான். ரயில்வேயிலேயே டிக்கெட் கொடுக்கிற வேலைக்கு மறுபடி எழுதியிருக்கிறான். முடிவு இன்னும் வரவில்லை. எங்கள் ஊருக்கு ரயிலும் இன்னும் வரவில்லை. எது முதலில் வருகிறது என்று பார்க்கலாம் என்கிறான்.

அந்த வருஷம் போகி வந்தது. போகியன்று எங்கள் வீட்டில் முன்னோருக்குப் படையல். என் மாமனார், மாமியார், இப்போது என் வீட்டுக்காரர். வேட்டியும் புடவையும் வைத்து, இலை போட்டு, அவர்களுக்குப் பிடித்ததெல்லாம் பரிமாறிக் கற்பூரம் காட்டுவோம். எங்கள் வழக்கத்தில் படையலும் தகப்பன் வழிதான். கட்டிக்கொடுத்த பெண் தன் புருஷன் வீட்டில் தன் தகப்பனுக்கு இலை போட மாட்டாள். நான் போட்டதில்லை. யாரும் போட்டுப் பார்த்ததில்லை.

நான் சாமி மாடத்தின் முன்னால் இலைகளைத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நாத்தனார் உள்ளே வந்தார். அந்தப் புடவையைக் கட்டியிருந்தார். வெடித்த மடிப்பெல்லாம் கொசுவத்துக்குள் போகும்படி கட்டியிருந்தார். எனக்கு அது பச்சையாகத்தான் தெரிந்தது. பாசி காய்ந்த அதே பச்சை. கையில் ஒரு இலை வைத்திருந்தார்.

"இதையும் போடு" என்றார்.

"யாருக்கு அண்ணி?"

"பையனுக்குக் கண்ணு குடுத்தவருக்கு. அவரு பங்கும்தானே இந்த வூட்டுல நடமாடுது. எத்தனை நாளைக்கு மனுசன பஸ் ஸ்டாண்டுலயே உக்கார வைக்கறது?"

நான் இலையைப் போட்டேன். சோறு வைத்து, கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றினேன். அவருக்குப் பிடித்தது. நாத்தனார் முந்தானையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த இலையின் முன்னால் குனிந்து சாம்பிராணி காட்டினார்.

"பாத்துக்குங்க மாமா" என்றார். "செவப்புப் பொடவதான் கட்டிக்கினு வந்திருக்கேன்."